பூட்டு எத்தனை நிமிடம் தாங்கும்? வீட்டுப் பாதுகாப்பு பற்றிய எளிய விளக்கம்

ஒரு வீட்டில் களவு போன செய்தி பரவிய மறுநாளே அந்த ஒழுங்கையில் இரண்டு வேலைகள் தொடங்கிவிடும். ஒரு வீட்டார் மதிலை இன்னும் இரண்டு வரி கல் வைத்து உயர்த்துவார்கள். இன்னொரு வீட்டார் கமெரா பூட்டுபவரைக் கூப்பிடுவார்கள். இவை பயனற்றவை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால், மதில் என்ன செய்யும், கமெரா என்ன செய்யும், எதை அவற்றால் செய்ய முடியாது என்று விசாரிக்காமலே பெருந்தொகையைச் செலவழித்துவிட்டு, இனிப் பயமில்லை என்று படுத்துக்கொள்ளும் குடும்பங்கள் யாழ்ப்பாணத்தில் ஏராளம். என் சின்னம்மாவின் குடும்பமும் அவற்றில் ஒன்றாக இருந்தது.

சின்னம்மாவின் வீட்டைச் சுற்றி ஆறடி மதில். அதன் மேல் சீமெந்தில் பதித்த போத்தல் ஓடுகள். முன்கதவு கனத்த தேக்கு. வீட்டுக்கு உள்ளும் புறமுமாக நான்கு கமெராக்கள். அவர் கொழும்பில் மகள் வீட்டுக்குப் போயிருந்த ஓர் இரவில், குசினிக் கதவை அலவாங்கால் நெம்பித் திறந்து உள்ளே நுழைந்த இருவர், ஏறக்குறைய முக்கால் மணி நேரம் வீட்டுக்குள் இருந்துவிட்டுப் போனார்கள். கமெராக்கள் நான்கும் வேலை செய்தன. ஒருவர் முகத்தைத் துவாயால் கட்டியிருந்ததும், மற்றவர் அலுமாரியின் லாச்சிகளை, ஒன்றைத் திரும்ப மூடாமலே அடுத்ததை இழுக்க வசதியாக, கீழிருந்து மேலாகத் திறந்துகொண்டே போனதும் தெளிவாகப் பதிவாகியிருந்தன. அதையெல்லாம் நாங்கள் பார்த்தது மறுநாள் காலை பத்து மணிக்கு.

அந்த முக்கால் மணி நேரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. வீட்டுப் பாதுகாப்பு என்பதை நாம் பொருட்களின் கணக்காக, அதாவது எத்தனை பூட்டு, எத்தனை கமெரா, எத்தனை அடி மதில் என்று பேசிப் பழகியிருக்கிறோம். அதை நிமிடங்களின் கணக்காகப் பார்க்கத் தொடங்கினால், எது எதற்கு என்பது தானாகவே விளங்கும்.

முற்றத்தில் காயும் மிளகாய்

முற்றத்தில் பாயை விரித்து மிளகாய் காயப்போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை வந்தால் அதைக் காப்பாற்ற மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். மேகம் கறுப்பதை யாராவது பார்க்க வேண்டும். மிளகாயை அள்ளி முடியும்வரை நனையாமல் வைத்திருக்க ஒரு படங்கு வேண்டும். அள்ளுவதற்கு ஆட்கள் வேண்டும். படங்கு எவ்வளவு தடிப்பாக இருந்தாலும், வீட்டில் ஒருவரும் மேகத்தைப் பார்க்கவில்லையென்றால், மழை அரை மணி நேரம் அடித்தபின் தண்ணீர் பாயின் கீழால் ஊறி எல்லாவற்றையும் நனைத்துவிடும். மேகத்தைப் பார்த்தும் அள்ள ஆளில்லையென்றால் முடிவு அதுவேதான்.

வீட்டுக்குள் அத்துமீறி நுழைவதைத் தடுப்பதும் இப்படியே. பாதுகாப்புத் துறையில் இருப்பவர்கள் இந்த மூன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒருவர் நுழைய முயல்கிறார் என்று யாருக்காவது தெரியவருவது அறிதல். அவர் உள்ளே போய்த் தான் தேடிவந்ததை அடைவதற்கு ஆகும் நேரத்தை நீட்டுவது தாமதம். உதவி செய்யக்கூடியவர்கள் வந்து சேர்வது துணை. கதவு, பூட்டு, யன்னல் கம்பி, மதில் யாவும் தாமதத்தின் பக்கம். நாய், எச்சரிக்கை மணி, அயலவரின் காது ஆகியவை அறிதலின் பக்கம். அயலவர் ஓடி வருவதும் பொலிஸார் வருவதும் துணை.

இவற்றின் ஒழுங்கு மிக முக்கியம். அறிதல் முதலில் நடந்தால்தான் தாமதத்துக்குப் பெறுமதி உண்டு. யாருக்கும் தெரியாமல் கடந்துபோகும் ஒரு மணி நேரத் தாமதம், களவு எடுப்பவருக்கு ஒரு மணி நேர வேலை, அவ்வளவுதான்.

பூட்டு விற்கும் நிமிடங்கள்

நல்ல பூட்டைப் போட்டால் திறக்கவே முடியாது என்பது மிகப் பழைய நம்பிக்கை. இலண்டனில் பிக்கடிலி வீதியில் இருந்த யோசப் பிராமாவின் பூட்டுக் கடையின் யன்னலில், இதைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்போடு ஒரு பூட்டு பல பத்தாண்டுகளாக வைக்கப்பட்டிருந்தது. 1851ஆம் ஆண்டு, இலண்டனில் மாபெரும் கண்காட்சி நடந்த காலத்தில், அமெரிக்கரான ஆல்பிரட் ஹொப்ஸ் அதைத் திறந்து காட்டினார். அதற்கு அவருக்கு 16 நாட்களில் பரந்து கிடந்த 51 மணி நேரம் தேவைப்பட்டது. பூட்டுச் செய்தவர்களுக்கு அது பெரிய அவமானமாகத் தோன்றியது. எனக்கு அது அந்தப் பூட்டின் சிறப்பைச் சொல்லும் அளவாகவே தெரிகிறது. தன் கருவிகளோடு, பிடிபடும் பயமில்லாமல் அமர்ந்து வேலை செய்த ஒரு தேர்ந்த நிபுணரிடமிருந்து அது 51 மணி நேரத்தை வாங்கித் தந்திருக்கிறது.

இன்றைக்கும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் நிமிடங்களில்தான் அளக்கிறார்கள். அமெரிக்காவில் இரும்புப் பெட்டகங்களைச் சோதிக்கும்போது ‘டிஎல் 15’ என்று ஒரு தரம் கொடுக்கிறார்கள். குறித்த கருவிகளோடு வேலை செய்யும் நேரத்தை மட்டும் எண்ணினால், அந்தப் பெட்டகத்தின் கதவு 15 நிமிடங்கள் தாங்கும் என்பது அதன் பொருள். ஐரோப்பாவில் கதவு, யன்னல்களுக்கான ‘ஈஎன் 1627’ என்ற தர விதியில், திருப்புளி, குறடு போன்ற எளிய கருவிகளை 3 நிமிடங்கள் தாங்கும் கதவுக்கு ஒரு வகுப்பும், அலவாங்கு போன்றவற்றையும் சேர்த்து 5 நிமிடங்கள் தாங்கும் கதவுக்கு அதற்கு மேலான வகுப்பும் உண்டு. திறக்கவே முடியாத கதவு என்ற வகுப்பு அந்த விதியில் இல்லை.

நம் முன்கதவுகளில் இருக்கும் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1860களில் லைனஸ் யேல் என்பவர் செம்மைப்படுத்திய அமைப்பு இது. பூட்டுக்குள் திறப்பை நுழைக்கும் உருளை ஒன்று சுழலும். அந்த உருளை சுழலாதவாறு மேலிருந்து ஐந்து அல்லது ஆறு சிறு முளைகள், வில்லால் அழுத்தப்பட்டு, உள்ளே இறங்கி நிற்கும். ஒவ்வொரு முளையும் இரண்டு துண்டாக இருக்கும். வெட்டு ஒவ்வொன்றிலும் வெவ்வேறு உயரத்தில். திறப்பின் பற்கள் அத்தனை வெட்டுகளையும் ஒரே நேர்கோட்டுக்கு உயர்த்தும்போது உருளை விடுபட்டுச் சுழல்கிறது. ஒரு முளை மயிரிழை உயர்ந்தோ தாழ்ந்தோ நின்றாலும் சுழலாது. மிக அழகான அமைப்பு. ஆனால் வீட்டுக்குள் நுழைபவர்களில் பெரும்பாலானோர் இந்த அழகோடு மல்லுக்கட்டுவதில்லை. பூட்டை விட்டுவிட்டு அதைத் தாங்கி நிற்பதைத்தான் உடைக்கிறார்கள்.

பூட்டைத் தாங்குவது எது?

சின்னம்மாவின் குசினிக் கதவை நான் குந்தியிருந்து பார்த்தேன். பூட்டுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. கதவும் உடையவில்லை. பூட்டின் நாக்குப் போய்ப் பொருந்தும் குழி இருந்த பக்கத்து நிலைதான், ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்து, சிலாம்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் குழியின் மேல் அடித்திருந்த தகட்டைப் பிடித்திருந்தவை இரண்டு குறுந் திருகாணிகள். எடுத்து விரலில் வைத்துப் பார்த்தபோது, என் சுண்டுவிரலின் முதற் கணுவுக்கும் அவை எட்டவில்லை. நிலையின் உட்புறத்தைக் கறையான் வேறு அரித்திருந்தது. வெளியே பூசியிருந்த வர்ணத்தால் அது எவருக்கும் தெரியவில்லை.

ஒரு கதவு என்பது பூட்டு, பலகை, பிணைச்சல், நிலை, நிலையைச் சுவரோடு பிடிக்கும் இரும்பு ஆகிய எல்லாம் சேர்ந்த சங்கிலி. அதில் மிக நலிந்த கண்ணி எத்தனை நிமிடம் தாங்குமோ அத்தனை நிமிடமே கதவும் தாங்கும். அதனால் பல ஆயிரம் ரூபா கொடுத்துப் புதிய பூட்டு வாங்குவதற்கு முன்னர், நிலையைத் தட்டிப் பார்த்துக் கறையான் இருக்கிறதா என்று அறிந்து, குழித் தகட்டைப் பெரிதாக்கி, நிலையைக் கடந்து சுவர்வரை போகும் நீண்ட திருகாணிகளால் இறுக்குவது அதிகப் பலன் தரும். செலவும் மிகக் குறைவு.

ஆமைப்பூட்டு விடயத்திலும் இதே தவறு நடக்கிறது. படலைக்கு உள்ளங்கையளவு ஆமைப்பூட்டைத் தொங்கவிட்டிருப்பார்கள். அதைக் கொளுவும் நாதாங்கியோ மெல்லிய தகட்டில், வெளியிலிருந்தே கழற்றக்கூடிய திருகாணிகளோடு இருக்கும். வெளிப்புறமாகத் திறக்கும் கதவுகளில் பிணைச்சலின் ஊசி வெளியே தெரிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்; தெரிந்தால் அதைத் தட்டிக் கழற்றிவிட்டுக் கதவைப் பூட்டோடேயே தூக்கி வைத்துவிடலாம்.

நம் பழைய நாற்சார் வீடுகளின் இரட்டைக் கதவுகளில் உட்புறம் மேலும் கீழும் திறாங்கும், நடுவே குறுக்காக ஒரு மரச் சட்டமும் இருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். வெளியிலிருந்து தள்ளும் விசை ஒரே ஒரு நாக்கில் விழாமல் நான்கைந்து இடங்களுக்குப் பகிர்ந்து போவதற்கான ஏற்பாடு அது. ஆட்கள் உள்ளே இருக்கும் இரவுகளுக்கு அதைவிடச் சிறந்த ஒன்றை நான் இன்னும் காணவில்லை. அதே வீடுகளின் பலவீனம் கூரையில் இருந்தது. கன்னக்கோலால் சுவரைத் துளைத்தவர்களைப் பற்றி மட்டுமன்றி, ஓட்டைப் பிரித்து இறங்கியவர்களைப் பற்றியும் நம் பாட்டிமார் கதை கதையாகச் சொல்வார்கள். ஓட்டுக்குக் கீழே பலகைத் தட்டோ இரும்பு வலையோ இல்லாத அறைகளில் பெறுமதியானவற்றை இன்றும் வைக்கக் கூடாது.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: பூட்டும் கதவும் நேரத்தை நீட்டித் தருபவை, அந்த நேரத்தின் அளவைத் தீர்மானிப்பது அவற்றின் மிக நலிந்த பகுதி, அந்தப் பகுதி பெரும்பாலும் முன்வாசலில் இல்லை, குசினியிலும் கோடிப்புறத்திலும் இருக்கிறது.

பார்ப்பதும் அறிவதும்

இனி அறிதலுக்கு வருவோம். சி.சி.ரி.வி. கமெரா அறிதலைச் செய்கிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். அது செய்வது பதிவு. ஒரு மனிதர் அந்தப் படத்தை அந்த நேரத்தில் பார்த்தாலோ, அசைவைக் கண்டதும் கருவியே யாரையாவது எழுப்பினாலோ மாத்திரமே பதிவு அறிதலாக மாறும். பதிவால் பின்னர் பயன் உண்டு. பொலிஸ் விசாரணைக்கு அது உதவும், கமெராவைக் கண்டு சிலர் திரும்பிப் போகவும் கூடும். ஆனால் முகத்தில் துவாயைக் கட்டிக்கொண்டு வருபவருக்கு அது பெரிய தடை ஆகாது.

எழுப்பும் வேலையைச் செய்வது உணரி. சுற்றுப்புறத்தில் ஏற்படும் ஒரு மாற்றத்தைக் கண்டு மின்குறியாக மாற்றித் தரும் கருவிக்கு அந்தப் பெயர். வீடுகளில் அதிகம் பயன்படுவது அகச்சிவப்பு உணரி. சூடான எந்தப் பொருளும், மனித உடல் உட்பட, கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரை வெளிவிடுகிறது, அதுவே அகச்சிவப்பு. உணரியின் முன்னால் உள்ள வெண்மையான பிளாஸ்திக் வில்லை, அறையை விசிறி மடிப்புப் போலப் பல பட்டிகளாகப் பிரிக்கிறது. ஒருவர் ஒரு பட்டியிலிருந்து அடுத்த பட்டிக்கு நடக்கும்போது, உணரிக்கு வந்து சேரும் வெப்பம் சட்டென்று ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கமே மணியை அடிக்க வைக்கிறது.

இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் உணரியை எங்கே பூட்டுவது என்பதும் தெரிந்துவிடும். அதன் எதிரே நேராக நடந்து வருபவரைவிடக் குறுக்காக நடந்து போகிறவரை அது எளிதில் காணும். ஆகையால் வாசலை நேரே பார்க்கும் சுவரை விட, வாசலுக்குப் பக்கவாட்டான மூலை நல்லது. அது வெப்ப வேறுபாட்டைக் காண்பது என்பதால், நம் சித்திரை வைகாசி வெக்கையில் சுவர்கள் உடற்சூட்டை நெருங்கும்போது அதன் கூர்மை குறையும். வெயில் படும் திரைச்சீலை ஆடினாலும், பூனை ஏறிக் குதித்தாலும் அது அடித்துவிடக்கூடும். இதற்குப் பொய் எச்சரிக்கை என்று பெயர். பொய் எச்சரிக்கை வெறும் தொந்தரவு என்று நினைக்கக் கூடாது. ஒரு வாரத்தில் நான்கு தடவை வீணாக அடித்த மணியை ஐந்தாவது தடவை எவரும் எழுந்து பார்ப்பதில்லை; அந்த ஐந்தாவது தடவையில் அறிதல் செத்துப்போகிறது. காரணமில்லாமல் இரவு முழுக்கக் குரைக்கும் நாய்க்கும் இதே குறை உண்டு. வழக்கத்துக்கு மாறான குரைப்பை வீட்டாரால் பிரித்தறிய முடிகிற நாய்தான் காவல் நாய்.

மின்சாரம் நின்றால் இவையெல்லாம் நின்றுவிடும் என்பதால், கமெராவுக்கும் பதிவுப் பெட்டிக்கும் இணைய இணைப்புப் பெட்டிக்கும் சேர்த்து ஒரு மின்கலச் சேமிப்பு வேண்டும். பதிவுப் பெட்டியைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்தால் அதையும் தூக்கிக்கொண்டு போவார்கள். தொழிற்சாலையில் இட்டுவந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். 2016ஆம் ஆண்டு ‘மிராய்’ என்ற தீய நிரல் உலகெங்கும் இலட்சக்கணக்கான கருவிகளைப் பிடித்துக்கொண்டது, மாற்றப்படாத கடவுச்சொற்களின் வழியாகத்தான். அவற்றில் மிகப் பல வீட்டுக் கமெராக்கள்.

யாழ்ப்பாணத்துக்கு ஒரு தனி வசதி இருக்கிறது. அதை நாம் போதிய அளவு பயன்படுத்துவதில்லை. இங்கே அதிகாலை 2 மணியாக இருக்கையில், ரொறன்ரோவில் முதல் நாள் பிற்பகல் 3.30 அல்லது 4.30 மணி, இலண்டனில் இரவு 8.30 அல்லது 9.30 மணி. அவர்களுடைய கோடை, குளிர்காலக் கணக்கைப் பொறுத்து ஒரு மணி நேரம் மாறும். நாம் அயர்ந்து உறங்கும் நேரத்தில் பிள்ளைகள் விழித்திருக்கிறார்கள். அம்மா அப்பாவின் வீட்டுக் கமெராவின் எச்சரிக்கை அவர்களுடைய தொலைபேசிக்குப் போகும்படி செய்தால், அது உண்மையான அறிதல் ஆகிவிடும். ஆனால் 119 என்ற பொலிஸ் அவசர இலக்கம் வெளிநாட்டிலிருந்து எடுத்தால் வேலை செய்யாது. அந்தப் பகுதிப் பொலிஸ் நிலையத்தின் முழு இலக்கத்தையும், முன்னால் 94 சேர்த்து, அயலவர் இருவரின் இலக்கங்களோடு சேர்த்துப் பிள்ளைகளின் தொலைபேசியில் இப்போதே பதிந்து வைக்க வேண்டும்.

ஒரு சிறு கணக்கு

மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்வோம். மதிலைத் தாண்ட 1 நிமிடம், விறாந்தைக் கம்பிக் கதவுக்கு 3 நிமிடம், உள்கதவுக்கு 2 நிமிடம், அலுமாரியைத் திறந்து எடுக்க 4 நிமிடம் ஆகிறது. மொத்தம் 10 நிமிடம். அயலவர் இருவர் எழுந்து வர 6 நிமிடம் என்று வைப்போம்.

மதிலைத் தாண்டியதும் மணி அடித்தால், மிஞ்சியிருக்கும் தாமதம் 9 நிமிடம். துணை 6 நிமிடத்தில் வந்துவிடும். வீடு தப்பியது. உள்கதவு திறந்தபின் அறைக்குள் இருக்கும் உணரி அடித்தால், மிஞ்சியிருப்பது 4 நிமிடமே. துணை வரும்போது ஆட்கள் போய்விட்டிருப்பார்கள். வீடு அதுவே, பூட்டு அதுவே, மணியும் அதுவே. மணி எந்த இடத்தில் அடித்தது என்பது மட்டும் மாறியிருக்கிறது. மணி எப்போதும் அடிக்காத வீட்டில், அதாவது சின்னம்மாவின் வீட்டில், பத்து நிமிட வேலை முக்கால் மணி நேரமாக நீண்டதற்குக் காரணம் அவசரப்பட வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை என்பதே.

எனவே விதி ஒன்றுதான்: அறிந்தபின் மிஞ்சும் தாமதம், துணை வந்து சேரும் நேரத்தைவிட நீளமாக இருக்க வேண்டும். அதை எட்ட மூன்று வழிகள் உண்டு. முன்கூட்டியே அறியலாம், உட்புறத் தடைகளைக் கூட்டலாம், துணையை அருகில் கொண்டுவரலாம். இவற்றில் மதிலை உயர்த்துவது எதற்குள்ளும் பெரிதாக வராது. அது அறிதலுக்கு முன்னால் வரும் தாமதம்.

மதிலும் கிடுகு வேலியும்

கிடுகு வேலி இருந்த காலத்தை நான் பொற்காலம் என்று சொல்லவில்லை. கறையானும், ஆண்டுதோறும் வேலி அடைக்கிற செலவும் எவருக்கும் மறந்திருக்காது. ஆனால் பாதுகாப்பின் கணக்கில் அந்த வேலி செய்த வேலையை நாம் சரியாக மதிப்பிடவில்லை. காய்ந்த ஓலையைப் பிரித்துக்கொண்டு ஒருவர் சத்தமில்லாமல் நுழைய முடியாது. கதியாலில் ஏறினால் வேலி முழுவதும் ஆடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்து வீட்டின் இருமலும் பேச்சும் வேலிக்கூடாகக் கேட்கும். இரண்டு வளவுகளுக்கும் இடையே பெண்கள் நெருப்பும் கறியும் கொடுத்து வாங்கிய பொட்டு ஒன்று இருக்கும். தாமதம் மிகக் குறைவு, அறிதல் மிக அதிகம், துணை பத்து அடி தூரத்தில்.

உயர்ந்த மதில் இதைத் தலைகீழாக்கியது. ஏறிக் குதிக்கும் ஒரு நிமிடம்தான் கடினம். குதித்துவிட்டால், அதே மதில் அவரை வீதியின் கண்ணிலிருந்து மறைத்து, ஆறுதலாகக் குசினிக் கதவில் வேலை செய்ய இடம் கொடுக்கிறது. மதிலை இடிக்கச் சொல்லவில்லை. முன்பக்கத்தில் மேற்பாதியைக் கம்பி வேலைப்பாடாக விட்டால் வீதிக்கும் வீட்டுக்கும் பார்வை இருக்கும். கோடிப்புறத்தில் அசைவுக்கு எரியும் மின்விளக்கு ஒன்று பூட்டலாம். மதிலோரம் சல்லிக் கல் பரப்பினால் கால் வைக்கும் ஒவ்வொரு தடவையும் அது பேசும்.

வெளியிலிருந்து பார்ப்பவர் முதலில் தேடுவது ஆளில்லாத வீட்டை. நம் ஊரில் அதற்கு மிகத் தெளிவான அடையாளம் கூட்டாத முற்றம். விடிந்ததும் முற்றம் கூட்டித் தண்ணீர் தெளிப்பது நம் வீடுகளின் வழக்கம். மூன்று நாள் மாவிலையும் பலாச் சருகும் கிடக்கிற முற்றம் ஒழுங்கையால் போகும் எவருக்கும் செய்தியைச் சொல்லிவிடும். கூரையில் விழுந்து எடுக்கப்படாத தென்னோலை, கேற்றில் செருகியபடியே இருக்கும் மின்சாரக் கட்டணச் சீட்டு, வெளிப்புறம் பூட்டிய ஆமைப்பூட்டு ஆகியவையும் அப்படியே. நல்லூர்த் தேருக்கு ஊரே திரண்டு போகும் காலையில் இவை எல்லா வீட்டிலும் ஒரே நாளில் தெரியும். வீட்டில் இல்லாத நாட்களுக்கு முற்றம் கூட்ட ஒருவரை ஏற்பாடு செய்வது, நான் அறிந்த மிக மலிவான பாதுகாப்பு.

உள்ளே ஆட்கள் இருக்கும்போது

வெறும் வீட்டைப் பற்றிப் பேசியபோது இலக்கு பொருளாக இருந்தது. உள்ளே ஆட்கள் இருந்தால், அதிலும் தனியே ஒரு வயதான தாயோ தகப்பனோ இருந்தால், காப்பாற்ற வேண்டியது அவர்களை மட்டுமே. நகை போகட்டும். பெரும்பகுதி நகையை வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டால் அப்படிச் சொல்வது எளிது.

படுக்கையறை ஒன்றை உள் அரணாக ஆக்குங்கள். உட்புறம் திறாங்குள்ள திண்ணிய கதவு, மின்னேற்றிய தொலைபேசி, ஒரு ரோச் லைற், முடிந்தால் இணைந்த குளியலறை ஆகியவை அந்த அறையில் இருக்க வேண்டும். சத்தம் கேட்டால் வெளியே வந்து பார்ப்பது நம் இயல்பு, ஆபத்தும் அதுவே. கதவைப் பூட்டியபடி உள்ளிருந்தே விளக்குகளைப் போட்டு, மணியை அடித்து, 119ஐயும் அயலவரையும் அழைக்க வேண்டும். வெளிவிளக்குகளின் சுவிச்சுகளை அந்த அறைக்கே கொண்டுவர ஒரு மின் வேலையாளுக்கு அரை நாள் போதும்.

யன்னல் கம்பிகளைப் பற்றி மிகுந்த கவலையோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். தாமதம் இரு பக்கமும் வேலை செய்யும். வெளியாளை ஐந்து நிமிடம் நிறுத்தும் கம்பி, தீப்பிடித்தால் உள்ளே இருப்பவரையும் ஐந்து நிமிடம் நிறுத்தும். ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒரு யன்னலின் கம்பியாவது உள்ளிருந்து திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அதன் திறப்பு வெளியிலிருந்து கையை விட்டால் எட்டாத, உள்ளிருப்பவர் இருட்டிலும் தடவி எடுக்கக்கூடிய ஒரே இடத்தில் எப்போதும் தொங்க வேண்டும். விறாந்தைக் கம்பிக் கதவை உட்புறமாக ஆமைப்பூட்டால் பூட்டிவிட்டுத் திறப்பைத் தலையணைக்குக் கீழோ கைப்பைக்குள்ளோ வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

சட்டம் சொல்வது

வீட்டுக்குள் வந்தவரை என்ன செய்தாலும் சட்டம் கேட்காது என்று பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அது தவறு. இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் 89 முதல் 99 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றிப் பேசுகின்றன. தன் உடலையும் பிறர் உடலையும், தன் சொத்தையும் காக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. இரவில் வீட்டை உடைத்து நுழைதல், கொள்ளை போன்ற கடும் நிலைகளில் அது வெகுதூரம் நீளவும் செய்யும். ஆனால் காப்பதற்குத் தேவையானதை விடக் கூடுதலான தீங்கைச் செய்யும் உரிமை எந்த நிலையிலும் இல்லை. பொலிஸ் உதவியை நாட நேரம் இருந்தால் இந்த உரிமையே இல்லை. ஓடுகிறவரைத் துரத்திப் பிடித்துக் கட்டிவைத்து அடிப்பது இதற்குள் வராது.

மதிற்கம்பியில் வீட்டு மின்சாரத்தை நேரே பாய்ச்சுவதும் வராது. அந்தக் கம்பிக்கு யார் தொடுகிறார் என்று தெரியாது. பந்தை எடுக்க ஏறிய பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் மழை நாளில் மதிலில் சாய்ந்த தென்னோலையை இழுக்கும் உங்கள் சொந்தக் கணவரையும் அது ஒரே மாதிரித்தான் கொல்லும்.

அப்படியும் களவு போய்விட்டால்

கதவு திறந்து கிடப்பதை வெளியிலிருந்து கண்டால் உள்ளே போகாதீர்கள். ஆட்கள் இன்னும் உள்ளே இருக்கலாம். அயலவர் வீட்டில் நின்று பொலிஸை அழையுங்கள். முறைப்பாட்டில் சொல்வதற்கு நகைகளின் நிழற்படமும் நிறையும், மின்கருவிகளின் தொடரிலக்கமும் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் மிகவும் உதவும். அதை இன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதி, வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.

சின்னம்மா வந்து சேர்வதற்கு முன்னரே, இழவு வீட்டுக்கு வருவதுபோல உறவினர் எல்லோரும் வந்துவிட்டோம். லாச்சிகளை எடுத்து அடுக்கினோம், அலுமாரிக் கதவைச் சாத்தினோம், சிதறிக் கிடந்த சேலைகளை மடித்தோம். மாமி ஒருவர், வீடு பார்க்கச் சகிக்கவில்லை என்று கண்ணீரோடு விளக்குமாற்றை எடுத்து, குசினி வாசலிலிருந்து மதில்வரை மணலைக் கூட்டிவிட்டார். தடயம் எடுக்க வந்த பொலிஸார் வாசலில் நின்று அந்தச் சுத்தமான மணலைப் பார்த்தார்கள். மணலில் இருந்திருக்கக்கூடிய காலடிகளும், அலுமாரிக் கைபிடியில் இருந்திருக்கக்கூடிய விரல் அடையாளங்களும் எங்கள் கைகளாலேயே போய்விட்டிருந்தன. ஆகவே, அவர்கள் வந்து வேலையை முடிக்கும்வரை ஒன்றையும் தொடாதீர்கள். அந்த ஒரு நாள் மட்டும் முற்றத்தைக் கூட்டாமல் விடுங்கள்.